ஸ்பிதியில் ஒரு நாள் கடன்!

"மச்சி... தலை ரெண்டா பிளந்துடும் போலிருக்குடா!"

ராத்திரி ஒரு மணி. கடல் மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு மண் வீடு. ரெண்டு ரஜாயைப் போர்த்திக்கொண்டு எங்கள் மெக்கானிக்கல் நண்பன் முனகுகிறான். ரெண்டு தடவை வாந்தி வேறு. ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ரசிக்கத்தான் ஒருத்தனுக்கும் மூடு இல்லை!

இடம், ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு. திபெத் எல்லையை ஒட்டின ஏரியா. மழை மேகம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவதால், கண்ணுக்கு எட்டின தூரம் வரை மொட்டை மலைகள். நடுவில் பல கிளையாகப் பிரிந்து ஓடுகிற ஸ்பிதி ஆறு. அதை ஒட்டி அங்கங்கே துண்டுத் துணி காயப்போட்ட மாதிரி பச்சை வயல்கள். அவ்வளவுதான் ஊர்!

கோடை முடியப்போகிற ஆகஸ்ட் மாசம்தான் இங்கே செம சீஸன் என்று கேள்விப்பட்டு, நாலு பேர் கிளம்பினோம். சென்னை டு டெல்லி ரயில், டெல்லி டு மணாலி பஸ். அங்கிருந்து ஜீப்பில் சுமார் 200 கிலோமீட்டர். 2020-ல் திறந்த 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை வரைக்கும் ரோடு பட்டு மாதிரி. அப்புறம் கிராம்ஃபூ தாண்டியதும், ரோடு எது, ஆற்றுப்படுகை எதுன்னே தெரியலை. 4,551 மீட்டர் உயரத்தில் குன்ஸும் கணவாய். அங்கே இருக்கிற குன்ஸும் தேவி கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் டிரைவர்கள் வண்டியைக் கீழே இறக்குகிறார்கள். சுற்றி முடித்ததும் எங்க டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இனிமே கவலை இல்லை" என்றார். அதுவரைக்கும் கவலைப்படணும்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது!

சந்தை போச்சு... கொண்டாட்டம் போகலை!

காலையில் மணாலியில் கிளம்பி, ராத்திரி காஜா போய்ச் சேர்ந்தோம். ஸ்பிதியின் தலைநகர் மாதிரி இந்த ஊர். ஊட்டி தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். காஜா அதற்கும் மேலே ஆயிரம் மீட்டர்!

நாங்கள் போன நேரம், மைதானத்தில் லதார்ச்சா திருவிழா. ஒரு காலத்தில் இது பக்கா வியாபாரச் சந்தை. கிப்பர் கிராமத்துக்குப் பக்கத்து மேய்ச்சல் வெளியில் கூடுவார்களாம். லடாக், திபெத், ராம்பூர் பக்கத்திலிருந்து எல்லாம் வியாபாரிகள் வந்து பண்டமாற்று செய்வார்களாம். 1962 போருக்கு அப்புறம் எல்லை மூடிக்கொண்டது. திபெத் வியாபாரம் முடிந்தது. ஆனால், கூடிப் பழகின ஜனங்களுக்குக் கூடாமல் இருக்க முடியலை. திருவிழா காஜாவுக்கு இடம் மாறி, இப்போ ஆகஸ்ட் மாதம் நடக்கிறது.

வளையம் வளையமாகக் கைகோத்து ஆடுகிறார்கள் பெண்கள். கழுத்து கொள்ளாத பவழமும் பச்சைக்கல்லும்! நாங்க ரொம்ப எதிர்பார்த்தது, பின் பள்ளத்தாக்கைச் சேர்ந்த புச்சென் கலைஞர்களை. மல்லாந்து படுத்திருப்பவர் வயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லை வைத்து, இன்னொரு கல்லால் அதை உடைப்பார்கள். கெட்டது விலகட்டும் என்று செய்கிற சடங்கு அது. "நம்ம ஊர் அலகு குத்துறது, பூ மிதிக்கிறது எல்லாம் இவங்களுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் போலிருக்கே" என்றான் மெக்கானிக்கல். அப்போ நல்லாத்தான் இருந்தான்!

அவசரக் குடுக்கைகள்!

"காஜாவுலயே ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. உடம்பு உயரத்துக்குப் பழகட்டும்" என்று டிரைவர் சொல்லியிருந்தார். கேட்டோமா? எங்களிடம்தான் லிஸ்ட் இருக்கே! மறுநாளே லாங்சா கிராமத்துக்கு ஏறிட்டோம். ஊர்க் கோடியில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பிரமாண்டமான புத்தர். பின்னால் பனி மூடின சிகரம். மண்ணைக் கொஞ்சம் கிளறினால், சுருள் சுருளாகக் கடல் உயிரினங்களின் படிமங்கள். இமயமலை எழுவதற்கு முன்னால் இங்கே டெதிஸ் கடல் இருந்தது. அதன் சாட்சி இது. நம்ம வீட்டுப் பூஜை அறையில் இருக்கிற சாளக்கிராமமும் இந்த வகைதான்.

அங்கிருந்து ஹிக்கிம். உலகின் மிக உயரமான தபால் நிலையங்களில் ஒன்று 1983-லிருந்து இங்கே இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டேன். 'நல்லா இருக்கோம்'னு எழுதினேன். அதுதான் அன்னிக்கு நான் சொன்ன பெரிய பொய்!

ராத்திரி லாங்சாவில் ஒரு ஹோம் ஸ்டே. வெறும் ரெண்டே நாளில் 2,000 மீட்டரிலிருந்து 4,400 மீட்டர் வந்துட்டோம். உடம்பு சும்மா இருக்குமா? முதல் பாராவில் பார்த்தீங்களே, அதுதான் நடந்தது.

பட்டாணிக்குக் காத்திருக்கத் தெரியாது

வீட்டுக்கார ஆன்ட்டியை எழுப்பினோம். அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். சூடா தண்ணி கொடுத்தார். மகனை எழுப்பினார். எங்க குரூப்பில் ஹிந்தி தெரிஞ்ச ஒரே ஆளு மொழிபெயர்த்தான்: "விடியற வரைக்கும் எல்லாம் காத்திருக்க வேணாம்கறாங்க. இதுக்கு ஒரே மருந்து கீழே இறங்குறதுதானாம்."

அந்த இருட்டில், அந்த வளைவுகளில், வீட்டு பிக்கப் வண்டியில் எங்களைக் காஜா மருத்துவமனைக்கு இறக்கிக் கொண்டுவந்தார் மகன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். விடியும்போது நண்பன் கண்ணைத் திறந்து, "டிபன் என்ன?" என்று கேட்டான். உயிர் வந்தது... அவனுக்கு இல்லை, எங்களுக்கு!

அப்புறம்தான் கவனிச்சோம். அந்த அண்ணன் நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னன்னு விசாரிச்சா... அன்னிக்குத்தான் அவங்க வீட்டுப் பச்சைப் பட்டாணி பறிப்பு. ஆள் சொல்லி வைத்த நாள். பறித்த மூட்டைகளைக் காஜாவில் நிற்கிற லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இருந்த ஒரே வண்டியில் நாங்க உட்கார்ந்திருந்தோம்!

ஸ்பிதியில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரைக்கும் போகும். அதனால் வருஷத்துக்கு ஒரே ஒரு போகம்தான். சாப்பாட்டுக்கு பார்லி, காசுக்குப் பச்சைப் பட்டாணி. சமவெளியில் பட்டாணி குளிர்கால விளைச்சல். அங்கே கிடைக்காத ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே விளைவதால் நல்ல விலை. ஆனா, பறித்த பட்டாணிக்குக் காத்திருக்கத் தெரியாது. வாடிப்போனா விலையும் வாடிடும். பிள்ளைங்க ஃபீஸ், குளிர்காலத்து அரிசி, மருந்து எல்லாத்துக்கும் இந்த சில வாரம்தான். நாம 'சீஸன்'னு டிக்கெட் போடுறோமே... அவங்களுக்கும் அதே வாரங்கள்தான் சீஸன். வேற மாதிரி சீஸன்!

"எவ்வளவு தரணும்ணா?" என்று பர்ஸை எடுத்தோம். அவர் கையை ஆட்டினார். "காசு வேணாம். இங்கே ஒருத்தரோட ஒரு நாளை எடுத்துக்கிட்டா, ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கணும். ஆள் தேறட்டும். வந்து பட்டாணி பறிங்க!"

கடன் அடைந்தது!

நண்பனை இன்னும் கீழே, 3,280 மீட்டரில் இருக்கிற தாபோவுக்குக் கூட்டிப்போனோம். கி.பி. 996-ல் கட்டின மண் மடாலயம் அங்கே இருக்கு. ஆயிரம் வருஷத்தைத் தாண்டின சுவர் ஓவியங்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. அதனாலேயே நிதானமாகப் பார்த்தோம். ரெண்டு நாள் ஓய்வில் பையன் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டான். அதைக் கேட்கிறதுதான் கஷ்டம்! அவனுக்குத் துணையாக ஒருத்தனைக் காஜாவில் விட்டுவிட்டு, மீதி ரெண்டு பேர் லாங்சாவுக்கு ஏறினோம்.

"ஜூலே!" என்றார் ஆன்ட்டி. வணக்கம், நன்றி, போயிட்டு வரேன்... எல்லாத்துக்கும் இந்த ஒரே வார்த்தைதான். ஆளுக்கு ஒரு கோணியைக் கையில் கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். பத்து மணிக்கு இடுப்பு கழன்றது. மூச்சு வாங்கியது. பக்கத்து வரிசையில் எங்க பாட்டி வயசு அம்மா ஒருத்தர் பாடிக்கிட்டே எங்களைத் தாண்டிப் போனார். ஆறேழு வீட்டு ஆட்கள் வயலில். இன்னிக்கு இவங்க வயல், நாளைக்கு அவங்க வயல். கூலிக் கணக்கு கிடையாது, நாள் கணக்குதான். வாய்க்கால் தண்ணியும் அப்படியே. மேலே பனி உருகி வருகிற தண்ணியை வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள். பனி குறைஞ்ச வருஷம் முறையும் சுருங்கிடும்.

அதைக் கேட்டதும் ஒரு விஷயம் சுருக்கென்று தைத்தது. முதல் நாள் வந்ததுமே, 'ஹாட் வாட்டர் இருக்கா? ரெண்டு பக்கெட் வேணும்' என்று கேட்ட புண்ணியவான்கள் நாங்கதான். அங்கே பாரம்பரியக் கழிப்பறையில் தண்ணியே கிடையாது. மேலே ஓட்டை, கீழே மண்ணும் சாம்பலும். உரமாகி அடுத்த வருஷம் வயலுக்குப் போகும். அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த உரத்தில் விளைந்த பட்டாணியைத்தான் இப்போ பறித்துக்கொண்டிருந்தோம்!

மத்தியானம் வயலோரத்தில் வட்டமாக உட்கார்ந்து, சத்து மாவு மாதிரி வறுத்து அரைத்த பார்லி மாவை உப்பு போட்ட வெண்ணெய் டீயில் பிசைந்து சாப்பிட்டோம். சாயங்காலம் மூட்டைகளை வண்டியில் ஏற்றினோம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பறித்தது, அந்தப் பாடுகிற பாட்டி பறித்ததில் பாதிகூட இருக்காது. "நாள் கடன் அடைஞ்சுதா ஆன்ட்டி?" என்றோம். எங்க மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "அரை நாள் பாக்கி இருக்கு பேட்டா!" என்றார். வயலே சிரித்தது.

அந்த அரை நாளைக் கொடுக்க மறுபடி போகணும். இந்த முறை நாலு பேருமா!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* முதல் தடவையா? மணாலி வழியா ஏறாதீங்க. சிம்லா, கல்பா, தாபோ, காஜா என்று படிப்படியா ஏறி, மணாலி வழியா இறங்குங்க. 3,000 மீட்டரைத் தாண்டினா, தூங்குற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாம பார்த்துக்குங்க.

* தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தா ஹீரோயிசம் வேண்டாம். உடனே கீழே இறங்குங்க. மாத்திரை எதுவானாலும் புறப்படுறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க.

* ரெண்டு நாள் உபரியா வெச்சுக்குங்க. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் பனியில் சுமார் 300 பேர் மாட்டி, மீட்கப்பட்டார்கள்.

* கடல் படிமங்களை எடுக்காதீங்க, யாராவது விற்றாலும் வாங்காதீங்க. பிளாஸ்டிக்கை வந்த பையிலேயே திருப்பிக் கொண்டுவாங்க.

* ஹோம் ஸ்டேயில் தங்குங்க. வயலில் வேலை நடந்தா, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "நானும் பறிக்கட்டுமா?"