நான் வாசித்த ரிப்போர்ட்

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் கடதாசி வந்தாலும் உம்மா என்னிடம்தான் நீட்டுவார். கரண்ட் பில் முதல் கிளினிக் கொப்பி வரை வாசித்துச் சொல்வது என் வேலை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிறகு அதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிட்டது.

தம்பிக்கு மூன்று வயது. ஆறு நாளாகக் காய்ச்சல். கழுத்தின் இரு பக்கமும் வீக்கம், தொண்டையில் வெள்ளைப் படலம். ஒருகொடவத்தையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பயம்தான். அது இல்லை என்றானதும் டொக்டர், "மொனோநியூக்கிளியோசிஸ் ஆக இருக்கலாம்" என்று இன்னொரு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றிருந்தது.

"ஒன்டுமில்ல உம்மா" என்றேன். டொக்டரிடம் திரும்பப் போகவில்லை. சாதாரணத் தொண்டை நோ என்று பாமசியில் அமொக்சிசிலின் பாணி வாங்கிக் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் காலை தம்பியின் உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு. உம்மா அழுதுகொண்டே அவனைத் தூக்கினார். நான் ரிப்போர்ட்டைத் தூக்கினேன்.

டொக்டர் ஏசவில்லை. "மகள், நீங்க வாசிச்சது சரி. ஆனா இந்த வயசுக்கு இந்த டெஸ்ட் போதாது" என்று விளக்கினார்.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது எப்ஸ்டீன்-பார் வைரசு. நோயாளியின் இரத்தத்திலுள்ள ஒருவகைப் பிறபொருளெதிரி செம்மறியாட்டின் செங்குழியங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வதை போல், பனல் என்ற இருவர் 1932இல் கண்டனர். விரைவுப் பரிசோதனை தேடுவதும் அந்தப் பிறபொருளெதிரியைத்தான். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பலரின் உடலில் அது உருவாவதே இல்லை.

வைரசுக்கே எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் பரிசோதனை வேறு. வைரசின் உறைக்கு எதிரான ஐஜிஎம் ஆரம்பத்திலேயே தோன்றிச் சில வாரங்களில் மறையும். ஐஜிஜி வாழ்நாள் முழுதும் இருக்கும். ஈபிஎன்ஏ எனும் புரதத்துக்கு எதிரானது மாதக்கணக்கில் பிந்தியே வரும். தம்பிக்கு முதலாவது இருந்தது, கடைசியானது இல்லை. ஆகவே நோய் புதிது.

வைரசை அன்டிபயோட்டிக் கொல்லாது. இந்நோயின்போது அமொக்சிசிலின் கொடுத்தால் பலருக்குத் தோலில் தடிப்பு எழுமாம். பாணியை நிறுத்தினோம். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் செற்றியிலிருந்து குதிக்கவும் தடை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது மறுபடி குதிக்கிறான்.

பிறபொருளெதிரி பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. ஆனால் எதைத் தேடினார்கள், எந்த வயதில், எத்தனையாம் நாளில் என்று கேட்காமல் 'இல்லை' என்ற சொல்லை நம்பிவிட்டேன். தோழியரே, உங்கள் வீட்டிலும் ரிப்போர்ட் வாசிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இப்போதும் உம்மா நீட்டுகிறார். நானும் வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் ஒன்று சொல்கிறேன்: "டொக்டர்ட்ட காட்டிட்டு வருவோம் உம்மா."