இழுக்குதேனு ஏத்தினோம்!

செமஸ்டர் லீவுல என்ன பண்ணீங்க? நான் கிரீஸ்ல குளிச்சேன்!

அப்பாவோட லோடு வண்டி பழைய ஜீப் மாடல் பிக்-அப். 2.1 லிட்டர் டீசல் இன்ஜின், நாலு கியர். மேட்டுப்பாளையத்துல இருந்து மளிகை ஏத்திக்கிட்டு, சுமார் 1,800 மீட்டர் உயரத்துல இருக்கிற கோத்தகிரிக்குப் போகும்போது, பின்னாடி வர்ற பஸ்காரர் ஹார்ன்லயே திட்டுவார். 'பெரிய இன்ஜின் போட்டுடலாம்ப்பா'னு உசுப்பேத்தினது நான்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் இல்லையா... அந்தத் திமிர்!

பழைய இரும்புக் கடையில 2.5 லிட்டர் இன்ஜினும் அஞ்சு கியர் பாக்ஸும் கிடைச்சது. ரெண்டு நாள் வேலைனு நினைச்சேன். மூணு வாரம்! மவுன்ட்டிங்கை வெட்டிப் புதுசா வெல்டு வெச்சோம். கியர் பாக்ஸ் நீளம்கிறதால புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைச்சு பேலன்ஸ் பார்த்தோம். இல்லைன்னா வண்டி ஆடுற ஆட்டத்துல நம்ம பல்லு கழண்டுடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புக்ல புது இன்ஜின் நம்பரை ஏத்த அலைஞ்சது தனிக்கதை.

ஏத்தம் சும்மா பறந்துச்சு. 'அதான் இழுக்குதே'னு திரும்பும்போது நாலு மூட்டை கேரட் கூடுதலா ஏத்தினோம். பழைய டிரம் பிரேக்கை யாருமே தொடலை. இறக்கத்துல சூடாகி, ஒரு கொண்டை ஊசி வளைவுல எவ்வளவு மிதிச்சும் பிடிக்கவே இல்லை. அப்பா ரெண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டுல உரசி நிறுத்தினார். ரோடு பூரா கேரட்.

திட்டலை. 'பிரேக் எந்த செமஸ்டர்ல வருதுடா?'னு மட்டும் கேட்டார்.