கணக்கில் வராத நாட்கள்

ஏப்ரல் 2, 2025, புதன்

திருப்பூரிலிருந்து அண்ணன் பொங்கலுக்கு அனுப்பிய டைரி. பனியன் கம்பெனி பெயர் போட்டது. மூன்று மாதமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. இன்றைக்கு எதையாவது எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றியது.

நாலு மணிக்கு மேல் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். நாட்டின் பெயர், எதிரே இறக்குமதி வரி சதவீதமாக ஓர் எண். இந்தியாவுக்கு 26. நியூ ஜெர்சியில் என் கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி போனில் பார்த்தேன். கையில் ஆறு மாதக் குழந்தைக்கான பருத்திச் சட்டை. கழுத்து ரிப்பை விரலால் இழுத்து விட்டுப் பார்ப்பது என் வழக்கம். நல்ல ரிப் என்றால் உடனே பழைய வட்டத்துக்குத் திரும்பிவிடும். அந்தச் சட்டையை எத்தனை தடவை இழுத்தேன் என்று தெரியவில்லை.

வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது. அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்து, எட்டாம் பிரிவு. குடியுரிமைத் தேர்வுக்காகப் படித்தது, இன்னும் மறக்கவில்லை. இவர் கையில் எடுத்திருப்பது 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டம். அதில் தேடித் தேடிப் பார்த்தாலும் சுங்கவரி என்ற சொல்லே இல்லை. இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் இருக்கிறது. வர்த்தகப் பற்றாக்குறைதான் அவசரநிலையாம். 1976-லிருந்து ஒரு வருடம் விடாமல் இருக்கிற பற்றாக்குறை அது!

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய் வந்தேன்.

26 சதவீதத்தை 90 நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவரை 10. தோழி போனில், "பாத்தியா, பேரம் பேசத்தான் அப்படிப் பண்ணினார், நீ வேற" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புத்தாண்டும் அதுவுமாய்ச் சண்டை வந்திருக்கும்.

ஆனால் இன்று படித்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அவசரநிலையை ரத்து செய்ய ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தால், குழு அதைப் பதினைந்து நாளுக்குள் சபைக்கு அனுப்பியாக வேண்டும். 1976-ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. போன வாரம் பிரதிநிதிகள் சபை என்ன செய்தது? இந்த அவசரநிலையைப் பொறுத்தவரை ஏப்ரல் 9 முதல் செப்டம்பர் 30 வரை எந்த நாளும் நாளாகக் கணக்கில் வராது என்று ஒரு விதி நிறைவேற்றியது. சூரியன் உதிக்கும், மறையும், வாடகை ஏறும், ஆனால் நாள் ஆகாது. தங்களிடம் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதற்காகக் காலண்டரையே நிறுத்தியிருக்கிறார்கள். அதிபர் அத்துமீறுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அதிகாரம் என்றாலே அப்படித்தான். தடுக்க வேண்டியவர்கள் எழுந்து கதவைத் திறந்துவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மே 1

அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் தோற்றது. 49-க்கு 49. இருவர் வரவில்லை. குடியரசுக் கட்சி செனட்டர் ரேண்ட் பால் தன் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவரோடு சேர்ந்து போட்ட குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர்.

மே 28, புதன்

ஜெயித்தோம்! நியூயார்க் வர்த்தக நீதிமன்றம், மூன்று நீதிபதிகள், ஒரே குரல். ரீகன் நியமித்தவர் ஒருவர், ஒபாமா நியமித்தவர் ஒருவர், டிரம்ப் நியமித்தவரே ஒருவர். இந்தச் சட்டம் இவ்வளவு பெரிய அதிகாரத்தைத் தரவில்லை என்று மூவரும் சொல்லிவிட்டார்கள்.

வழக்குப் போட்டது ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியும் இன்னும் நாலு சிறு வியாபாரிகளும். பெரிய கம்பெனிகள் வாய் திறக்காமல் இருந்தபோது இவர்கள் போனார்கள். முதல் கம்பெனியின் பெயர் வி.ஓ.எஸ். படித்ததும் உடம்பு சிலிர்த்தது. என் பெட்டிகள் ஏறுகிற தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர். 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கி ஆட்சியோடு மோதிய மனிதர். பெயர்ப் பொருத்தம் வெறும் தற்செயல், தெரியும். இருந்தாலும் இன்றிரவு அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சந்தோஷம்.

மே 29

மேல் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டது. வரி தொடர்கிறது.

ஜூன் 8

குடியேறிகளைப் பிடிப்பதை எதிர்த்துப் போராட்டம். கவர்னர் கேட்காமலே லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிரம்ப் அனுப்பிய படை. கிடங்கில் பெட்டி அடுக்க வருகிற பையன் நேற்று வரவில்லை. கூப்பிட்டேன். அம்மா வெளியே விடவில்லை என்றான். அவனுக்குக் குடியுரிமை இருக்கிறது.

ஜூன் 25, புதன்

இந்தியாவில் நெருக்கடி நிலை வந்து இன்றோடு ஐம்பது வருடம். நான் அப்போது கைக்குழந்தை. 1976 ஜனவரி கடைசியில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ராத்திரி ஊரே விளக்கணைத்துப் பேசியதாக அப்பா சொல்வார். இங்கே நடப்பது அது அல்ல. இங்கே பத்திரிகை வருகிறது, நீதிமன்றம் நடக்கிறது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அன்றைக்குச் சிறைக்குப் போனவர்களுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன்.

ஆனால் அவசரம் என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. வந்தால் போகாது. ஈரான் விஷயத்தில் 1979-இல் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை இன்றும் அமலில் இருக்கிறது. கட்சி பேதமில்லாமல் எல்லா ஜனாதிபதியும் வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள்.

அரசின் தலையீடு குறைய வேண்டும் என்கிற லிபர்டேரியனாக எப்படி ஆனாய் என்று கேட்பவர்களிடம் நான் புத்தகப் பெயர் சொல்வதில்லை. கோட்டாவைச் சொல்வேன். அப்பா நாலு பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்தார். எவ்வளவு துணி அமெரிக்கா போகலாம் என்பதற்குக் கோட்டா இருந்த காலம். ஒரு பீஸ்கூடத் தைக்காமல், கோட்டாவை மட்டும் விற்றே பிழைத்தவர்கள் இருந்தார்கள். தைத்தவர் அனுமதிக்காக நின்றார், அனுமதி வைத்திருந்தவர் உட்கார்ந்திருந்தார். 2005 ஜனவரி 1-ஆம் தேதி அது ஒழிந்தது. அப்பா அன்று போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

போன நவம்பரில் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் சேஸ் ஆலிவருக்கு ஓட்டுப் போட்டேன். ஓட்டை வீணாக்கினாய் என்று இரண்டு பக்கமும் திட்டினார்கள்.

ஜூலை 30

இந்தியாவுக்கு 25.

ஆகஸ்ட் 6

மேலும் 25. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காம். குழந்தைச் சட்டைக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் பேசினார். உடன்பிறந்தவர் இல்லை. அப்பாவிடம் கட்டிங் மாஸ்டராக இருந்து, பிறகு சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தவர். 2011-லிருந்து எனக்கு அவர்தான் தைத்துத் தருகிறார்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். இந்த ஷிப்மென்ட் 42,000 டாலர். தைத்து, அயர்ன் செய்து, பேக்கிங்கும் முடிந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் வரிக்கு மேல் 10,500 கட்ட வேண்டியிருக்கும், கப்பல் தாமதமானால் 21,000. எனவே விலையில் 20 சதவீதம் குறைத்து இன்வாய்ஸ் போடவும் என்று எழுதியிருந்தேன். நாலே வரி.

"ஏனுங்க அம்மிணி, சௌக்கியமா?" என்று ஆரம்பித்தார். பேத்திக்குக் காது குத்தியது, மழை இல்லாதது எல்லாம் பேசினார். பிறகு, வாரத்தில் நாலு நாள்தான் மிஷின் ஓடுகிறது என்றார். சனிக்கிழமை சம்பளம் போடும்போது செக்கிங் பெண்கள் கவரைப் பிரிக்காமலே விரலால் அழுத்திப் பார்க்கிறார்களாம், கனம் தெரிவதற்காக.

"மெயில் பாத்தனுங்க."

"வேற வழியில்லீங்கண்ணா. அரசாங்கம் ராத்திரியோட ராத்திரியா போட்டுட்டாங்க."

"அது செரீங்க. கொறைக்கோணும்னு கேட்டிருந்தீங்கன்னா நானே கொறைச்சிருப்பனுங்க. இப்படி எழுதிப்போட்டீங்களே."

பத்து சதவீதம் விட்டுத்தருகிறேன் என்று அவராகவே சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டப் போவது நான். வரியை வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். சுங்கத்தின் 7501 படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இறக்குமதியாளர் கட்டத்தில் என் கம்பெனி பெயர்தான் இருக்கிறது, பணம் என் கணக்கிலிருந்துதான் போகிறது. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் முடியாது என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். அரசாங்கம் அதைத்தான் அழிக்கிறது. அதைத்தான் நான் இருபது வருடமாகச்

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இத்தோடு போதும்.

ஆகஸ்ட் 22

அமெரிக்க அரசு இன்டெல் கம்பெனியில் பத்து சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறதாம். தனியார் கம்பெனியில் அரசு பங்காளி. இதை ஒபாமா செய்திருந்தால் தெருவில் இறங்கியிருப்பவர்களை எனக்குத் தனித்தனியாகத் தெரியும். இன்று ஒருவர் போனும் வரவில்லை.

ஆகஸ்ட் 29

மேல் நீதிமன்றத்திலும் ஜெயம், 7-க்கு 4. ஆனால் அக்டோபர் 14 வரை வரி அப்படியே இருக்கும். மேலே போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் இங்கே கணக்கில் ஏறிய சரக்குக்கு இரண்டாவது 25 கிடையாது. என் பெட்டிகள் ஆகஸ்ட் 18-ஆம் தேதியே கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிவிட்டன. செங்கடல் வழி போக அஞ்சி ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது கப்பல். தினமும் ராத்திரி போனில் வரைபடத்தைத் திறந்து அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். நன்னம்பிக்கை முனைக்குக் கீழே இரண்டு நாள் நகரவே இல்லை போலிருந்தது.

இன்று வந்து சேர்ந்தது. மூன்று நாள் தாமதம்.

கஸ்டம்ஸ் புரோக்கர் நல்ல மனிதர். "எல்லாப் பேப்பரையும் பத்திரமா வைங்க. கணக்கு முடிய 314 நாள் ஆகும், அதுக்குள்ள தீர்ப்பு வந்தா பார்க்கலாம்" என்றார். அடுத்த ஜூலை கடைசி வரும். அங்கே எல்லா நாளும் நாள்தான்.

அக்டோபர் 4, சனி

அரசாங்கம் முடங்கி நாலு நாள். நான் கொண்டாட வேண்டும் என்று அக்கா மகன் எதிர்பார்த்தான். சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போகிறவர்களை வைத்து எதைக் கொண்டாட?

பழைய சுங்கப் பேப்பர்களைத் தேடி அலமாரியை இறக்கினேன். 2020-ஆம் வருட ஃபைல் வந்தது. கொரோனா நேரத்தில் கூலி கொடுக்க வாங்கிய அரசுக் கடன், 18,400 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாம் என்று அடுத்த வருடம் வந்த கடிதம். அதன் மேல் என் கையெழுத்தில் பச்சை மையில் "நன்றி முருகா" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சட்டமும் அவசரகாலச் சட்டம்தான்.

ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டேன். தேடியது கிடைக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

உச்ச நீதிமன்ற விசாரணை. குரல் மட்டும் நேரடியாக ஒலிபரப்பினார்கள். கிடங்கில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சட்டை மடித்துக்கொண்டே கேட்டேன். பெட்டி அடுக்கும் பையனும் நின்று கேட்டான்.

வரி என்பது அமெரிக்கர்கள் மீது விதிக்கப்படுவது, அது காலங்காலமாகக் காங்கிரஸின் அதிகாரம் என்ற பொருளில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பேசியபோது கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். நீதிபதி கோர்சச் கேட்ட கேள்விதான் ஆணி வேர். காங்கிரஸ் ஒரு தடவை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எப்படி? ரத்து செய்யும் தீர்மானத்தை ஜனாதிபதி வீட்டோ செய்வார். அதைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொடுக்கப் பாதிக்கு மேல் போதும், திரும்பக் கேட்க அது போதாது.

"ஜெயிச்சா உங்க காசு திரும்ப வருமா?" என்று பையன் கேட்டான்.

வரலாம் என்றேன்.

"தைச்சவங்களுக்கு?"

மடித்த சட்டைகளைப் பெட்டியில் வைத்தேன். அவன் டேப் ஒட்டினான்.

நவம்பர் 9, ஞாயிறு

தீர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரி 50-இலேயே நிற்கிறது. கோடைக்கான ஆர்டரை இப்போது கொடுத்தால்தான் நூல் வாங்குவார்கள். கொடுக்காமல் இருந்தாலும் நஷ்டம், கொடுத்தாலும் நஷ்டம்.

காலையில் அண்ணனுக்கு ஆர்டர் ஷீட் போட்டேன். சைஸ், கலர், பீஸ் எண்ணிக்கை எல்லாம் நிரப்பினேன். விலைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, "நீங்க போடுங்கண்ணா" என்று எழுதி அனுப்பினேன்.

அங்கே இப்போது இரவு. இன்னும் பதில் வரவில்லை.