‘ஸ்ட்ரைக்’ என்றொரு சொல்

ஆங்கிலத்திலிருந்து நமது பேச்சினுள் புகுந்து நிலைபெற்றுவிட்ட சொற்களுள் ‘ஸ்ட்ரைக்’ என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு வரிதானும் வாசித்தறியாத தொழிலாளியும் இச்சொல்லை அறிவான். அகராதியைப் புரட்டாமலே அதன் பொருளையும் அறிவான். ஆயின், ஆங்கிலத்தில் அச்சொல் எத்தனை பொருள்களைச் சுமக்கின்றது என்பதையும், அதற்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச் சொற்கள் எதனை உணர்த்துகின்றன, எதனை மறைக்கின்றன என்பதையும் ஆராய்ந்து பார்த்தல் வெறும் சொல்விளையாட்டன்று.

அடித்தல், மோதுதல் என்பனவே இன்று இவ்வினையின் முதன்மையான பொருள்கள். மணிக்கூடு பன்னிரண்டு அடித்தாலும், மின்னல் மரத்தைத் தாக்கினாலும், பாம்பு சீறித் தீண்டினாலும், தீக்குச்சியைப் பெட்டியில் உரசினாலும், நிலத்தைத் துளைத்தவர்கள் எண்ணெயைக் கண்டாலும், வியாபாரிகள் இருவர் பேரம் முடித்தாலும் ஆங்கிலேயருக்கு இவ்வொரு சொல்லே போதுமானது. இடாப்பிலிருந்து ஒருவரின் பெயரை வெட்டுவதும் இதுவே. விமானங்கள் குண்டு வீசுவதும் இதுவே. இத்தனை கடுமை வாய்ந்த இச்சொல் பழைய ஆங்கிலத்தில் மெல்லத் தடவுதல், செல்லுதல் என்னும் பொருள்களையே தந்தது என்பது வியப்புக்குரியது. அடித்தல் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்ததேயாகும்.

கிரிக்கெற் ஆட்டத்திலும் இச்சொல் உண்டு. ‘ஸ்ட்ரைக்’கில் நிற்கும் துடுப்பாட்டக்காரர் பந்தை எதிர்கொண்டு வேலை செய்பவர், ‘ஸ்ட்ரைக்’கில் நிற்கும் தொழிலாளியோ வேலையை விட்டு நிற்பவர். வகுப்பில் இதனை எடுத்துக் கூறியபோது மாணவர்கள் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி, “அடிக்கிறதுக்குச் சொன்ன சொல் வேலையை விடுறதுக்கு எப்பிடி வந்தது, சேர்?” என வினவினாள். நல்ல வினா. அதற்கு விடை கடலிலேதான் கிடைக்கின்றது.

மாலுமிகளின் வழக்கில் பாயையோ கொடியையோ கீழிறக்குதலும் இதே சொல்லாற் குறிக்கப்பட்டது. வலிய கப்பலைக் கண்ட எளிய கப்பல் தன் மேற்பாயைத் தாழ்த்துவது பணிவின் அடையாளம். போர்க்களத்திற் கொடியை இறக்குவது சரணடைதலின் அடையாளம். 1768ஆம் ஆண்டில் இலண்டன் மாலுமிகள் கூலியுயர்வு கோரிக் கிளர்ந்தெழுந்தபோது, தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கி, அவை புறப்படாவண்ணம் தடுத்தனர். வேலைநிறுத்தம் என்ற பொருள் இச்சொல்லுக்கு அந்நிகழ்ச்சியோடுதான் வாய்த்தது. பணிவைக் காட்டிய செயலையே உழைப்பாளர் பணிய மறுக்கும் செயலாக மாற்றினர். ஒரு சொல்லின் வரலாற்றை அகராதிக்காரர்கள் எழுதி வைக்கின்றனர். அதனை ஆக்குவோர் வேறு மனிதர்.

நமது நாட்டிலும் இச்சொல்லின் வரலாறு பழையதே. 1893இல் கொழும்பில் அச்சகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமே இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. பிறருடைய சொற்களை நாள் முழுவதும் அச்சுக்கோத்த கைகளே இச்சொல்லை இங்கு முதலிற் செயலாக்கின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘வேலைநிறுத்தம்’, ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்னும் இரண்டும் நமது பத்திரிகைகளில் ஒரே பொருளில் மாறிமாறி வழங்குகின்றன. இரண்டும் ஒன்றல்ல. நிற்றல் தன்வினை, நிறுத்தல் பிறவினை. வேலை தானாக நின்றுவிடவில்லை. அதனைச் செய்தோரே நிறுத்தினர். மீண்டும் தொடங்கும் வல்லமையும் அவர்களிடமே உண்டு. இவ்வளவையும் ‘நிறுத்தம்’ என்ற சிறுசொல் உணர்த்துகின்றது.

‘பகிஷ்கரிப்பு’ அத்தகையதன்று. புறத்தே தள்ளுதல் என்பதே அதன் பொருள். சாதிக் கட்டுப்பாட்டை மீறியவரை ஊர் விலக்கி வைத்த கொடுமைக்கும் இப்பெயர் உண்டு. இதற்கு நிகரான ஆங்கிலச் சொல், 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கி வைத்த பொய்கொட் என்னும் நிலமுகவரின் பெயரிலிருந்தே பிறந்தது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வேண்டாம் எனத் தள்ளியது. அங்கு அச்சொல் பொருத்தமானதே. ஆனால், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி தன் தொழிலை வேண்டாமென்று தள்ளுபவனல்லன். அத்தொழிலைக் கொண்டே மானத்தோடு வாழ விழைபவன் அவன்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போர் 1980ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. அவ்வாண்டு ஜூலை மாதத்திற் சம்பளவுயர்வு கோரி நடந்த பொது வேலைநிறுத்தத்தின் விளைவாக நாற்பதாயிரம் பேர் வரையில் தொழிலிழந்தனர். வேலைக்குத் திரும்பாதோர் தம் பதவிகளைத் தாமே விட்டு நீங்கியவர்களாகக் கருதப்படுவர் என்றே அரசாங்கம் கூறியது. பெயரை வெட்டிய கை மறைந்தது. வெட்டுண்டவன் தானாகப் போனவன் ஆனான். தொழிலை நிறுத்தியவனைத் தொழிலைத் துறந்தவனாகக் காட்டும் இலக்கணம் இத்தகையது.

2021ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒக்ரோபர் வரை, நெடுங்காலமாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி, ஆசிரியர்களாகிய நாமும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம் அது. செய்திகளில் ‘கற்பித்தல் பகிஷ்கரிப்பு’ என்ற தொடரே அடிபட்டது. அந்நாட்களில் வீதியிற் கண்ட தந்தையொருவர், கூலிவேலை செய்பவர், “மாஸ்டர், எங்கட பிள்ளையளையோ பகிஷ்கரிக்கிறியள்?” என்று கேட்டார். பிள்ளைகளையன்று, நமது கோரிக்கையைக் காதிற் போட்டுக்கொள்ளாத நிலைமையையே எதிர்க்கின்றோம் என விளக்கினோம். அவர் செவிமடுத்தார். பின்னர், “சரி, ஆனா அடி விழுறது எங்களுக்கெல்லோ?” என்றார்.

அம்மனிதர் ஆங்கிலம் அறியாதவர். எனினும் ‘ஸ்ட்ரைக்’ என்பதன் முதன்மைப் பொருளை அவர்தான் சரியாகத் தொட்டார். அடி எங்கோ விழத்தான் வேண்டும். விழாத அடிக்கு எவரும் அஞ்சுவதில்லை. தேம்ஸ் மாலுமிகளின் அடி கப்பல் முதலாளிகளின் இலாபத்தில் விழுந்தது. ஆசிரியரின் அடியோ, தனியார் வகுப்புக்குப் பணங்கட்ட இயலாத ஏழைக் குடும்பத்தின் பிள்ளைமீதே முதலில் விழுகின்றது. இதனால் ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லையென்று ஆகிவிடாது. உழைப்பைத் தவிர வேறு பலம் அற்றவனிடமிருந்து அதனை நிறுத்தும் உரிமையையும் பறித்தால் அவன் அடிமையே. ஆயின், அடி விழும் வீட்டாரிடம் முன்னரே சென்று காரணத்தைக் கூறுவதும், போராட்டம் முடிந்தபின் இழந்த பாடங்களை ஈடுசெய்வதும் அவ்வுரிமையோடு பிறந்த கடமைகள். அப்பெற்றோர் நம் பக்கம் நில்லாத போராட்டம் எத்தனை நாள் நீடித்தும் என்ன பயன்?

ஆகவே, மாணவர் எழுதும் கட்டுரைகளிற் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்று காணுமிடமெல்லாம் ‘வேலைநிறுத்தம்’ என்று திருத்துவதோடு நாம் நின்றுவிடுவதில்லை. யார் நிறுத்தினர், எதற்காக நிறுத்தினர், அதனால் அடிபட்டவர் யார் என மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதிவிடுகின்றோம். அவற்றுக்கு விடை தேடும் மாணவன் நாளை எந்தத் தொழிலுக்குச் சென்றாலும், பத்திரிகைத் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தே எந்தப் போராட்டத்தையும் எடைபோட்டுவிட மாட்டான்.