கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து

கொஞ்ச நாளா ஆணி அதிகம். புடுங்கின ஆணிகள்ல ஒண்ணு என் கையையே குத்திடுச்சு. அந்தக் கதைதான் இது.

ஒரு அறக்கட்டளைக்காகக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்குற வெப் அப்ளிகேஷன். மாணவர்கள் போட்டோ, மார்க் ஷீட், கையெழுத்து மூணையும் அப்லோட் பண்ணணும். சர்வர்ல இடம் கம்மி. அதனால எது வந்தாலும் ஜேபெக்கா மாத்தி, குவாலிட்டி 50ன்னு வெச்சு, ஒரிஜினலை அழிச்சுடுற மாதிரி எழுதினேன். பத்து வரி கூட இல்லை. என் போட்டோவை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணேன், சூப்பரா வந்துச்சு. (படம் சூப்பர், ஆள் சுமார்தான்.)

கடைசித் தேதி முடிஞ்ச மூணாம் நாள் ஒரு அப்பா போன்ல. "தம்பி, கையெழுத்து இல்லைன்னு பாப்பா அப்ளிகேஷனைத் தள்ளிட்டாங்களாம். என் கண்ணு முன்னாடிதான் அது போட்டுச்சு. சென்டர்காரப் பையன் பளிச்சுன்னு தெரியட்டும்னு பின்னாடி இருந்த பேப்பர் கலரை எல்லாம் எடுத்துட்டு ஏத்தினான் தம்பி."

டேட்டாபேஸ்ல பார்த்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல சுத்தமா ஒரு கறுப்புக் கட்டம். அந்தச் சென்டர் பையன் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பின்னணியை எடுத்துட்டா அது பிஎன்ஜி. அதுல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் போக, எவ்வளவு ஒளி ஊடுருவலாம்னு நாலாவதா ஒரு எண் உண்டு. ஜேபெக்ல அந்த நாலாவதுக்கு இடமே கிடையாது. மாத்தும்போது அதைத் தூக்கிப் போட்டுட்டா, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு அடியில பெரும்பாலும் 0,0,0 தான் இருக்கும், அதாவது கறுப்பு. கறுப்பு மையில போட்ட கையெழுத்து, கறுப்பு மேல. முதல்ல ஒரு வெள்ளைப் பின்னணி மேல ஒட்டிட்டு மாத்தியிருந்தா போதும். ஒரே ஒரு வரி. இனிமே ஒட்டலாம்னா, ஒரிஜினலைத்தான் ஐயா அழிச்சுட்டாரே!

சரின்னு மார்க் ஷீட்டுகளைத் திறந்தேன். அங்கேயும் நம்ம கைவரிசை. ஜேபெக் 1992ல வந்தது, போட்டோவுக்காகவே செஞ்சது. படத்தை 8க்கு 8 கட்டமா வெட்டி, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத நுணுக்கங்களைக் கழிச்சுடும். முகத்துல அது தெரியாது. எழுத்தோட கூரான விளிம்புலதான் கொசு மொய்ச்ச மாதிரி அழுக்கு கிளம்பும். 'ன்' மேல இருக்குறது புள்ளியா அழுக்கான்னே தெரியலை. புள்ளி போனா மெய்யெல்லாம் உயிர்மெய் ஆயிடும், தொல்காப்பியர் மன்னிக்க மாட்டார்.

இப்போ மாத்திட்டேன். போட்டோவுக்கு ஜேபெக். கையெழுத்துக்கும் மார்க் ஷீட்டுக்கும் ஒண்ணையும் இழக்காத பிஎன்ஜி. கையெழுத்துல ரெண்டே ரெண்டு நிறம்தானே, ஜேபெக்கை விட அதுவே சின்னதா வருது! பேருக்குப் பின்னாடி இருக்குற ஜேபிஜியை நம்புறதில்லை, ஃபைலோட முதல் பைட்டுகளைப் பார்க்குறேன் (பிஎன்ஜியோட 2, 3, 4வது பைட்டுகள் அந்த மூணு எழுத்தேதான்). ஐபோன்காரங்க ஹெச்இஐசி ஏத்தினா அங்கேயே சொல்லிடுறேன், க்ரோம் அதைக் காட்டாது. எஸ்விஜி வேண்டவே வேண்டாம், அதுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஒளிச்சு வைக்கலாம். 2010ல கூகுள் விட்ட வெப்பி, பட்டியல்ல காட்டுற குட்டிப் படங்களுக்கு மட்டும். ஒரிஜினல் மேல கை வைக்குறதில்லை.

முழுக்கக் கறுப்பா இருக்குற கையெழுத்துகளைத் தேடினா மொத்தம் 11. மேனேஜர்கிட்ட உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் அறக்கட்டளையில பேசி அந்த 11 பேருக்கு மட்டும் ஒரு வாரம் வாங்கிக் கொடுத்தார். சப்போர்ட்ல இருந்து கூப்பிடுறோம்னாங்க. வேணாம்னு நானே கூப்பிட்டேன். முதல் கால் அந்த அப்பாவுக்கு. "தப்பு எங்க பக்கம்தாங்க ஐயா"ன்னேன். "பரவால்ல தம்பி, பாப்பாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான்தான் தப்பா ஏத்திட்டேன்னு நாலு நாளா எங்கிட்ட பேசலை"ன்னார்.

10 பேர் கிடைச்சாங்க. ஒரு நம்பர் மட்டும் சுவிட்ச் ஆஃப். ஏழாம் நாள் சாயங்காலம் வரைக்கும் போட்டுப் பார்த்தேன்.