ஆயில் போகும் வழி

ஜனவரி 4, பெருமாள்மலை

வத்தலக்குண்டு மலைச்சாலையில் டம்டம் பாறை வரை ஆயில் கேஜ் முள் நின்ற இடத்தில் நின்றது. டூரிஸ்ட் பஸ் ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து ஏறியதில் ஊத்து தாண்டியதும் சரியத் தொடங்கியது. பெருமாள்மலையில் ஓரங்கட்டி ஐட்லிங்கில் விட்டால், முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. தட்டும் சத்தம் எதுவும் இல்லை. சத்தம் வரட்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்தால் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் போய்விடும். அணைத்துவிட்டேன்.

வண்டி, 1980களில் திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு புல்லட் 350. 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்து அடிப்படை டிசைன்தான் இதிலும். கேஜ் கம்பெனி கொடுத்ததல்ல, எனக்கு முன் வைத்திருந்தவர் டைமிங் கவரில் பொருத்தியது. இந்த எஞ்சினின் பிளஞ்சர் பம்புகள் கிராங்க் முனையிலுள்ள வொர்ம் சுழற்ற, நிதானமாக ஓடுபவை. காரில் காணும் அழுத்தத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். போகும் வழி எவ்வளவு எதிர்க்கிறதோ அதுவே அழுத்தம். ஆயில் சூட்டில் இளகினாலும் முள் இறங்கும், வழியில் எங்காவது ஒழுகினாலும் இறங்கும். இரண்டில் எது என்று பிரித்தறிய வேண்டும்.

ஜனவரி 5, மூஞ்சிக்கல்

காலைக் குளிரில் கிக் அடித்ததும் முள் கம்பீரமாக எழுந்தது. இதை நம்பக் கூடாது. கொடைக்கானல் குளிரில் 20W50 தேன்போல் இருக்கும். எந்தப் பழுதையும் மறைத்துவிடும். சூடான எஞ்சினில், ஒரே வேகத்தில் எடுத்த அளவுதான் பேசும்.

மெக்கானிக் அண்ணன் முதலில் டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார். கார்புரேட்டர் ஒழுகினால் பெட்ரோல் இறங்கி ஆயிலை நீர்க்க வைத்துவிடும். வாடை இல்லை. அளவு குறைவாகக் காட்டியது; ஆனாலும் ஊற்றவில்லை. இரவெல்லாம் நின்ற புல்லட்டில் ஆயில் பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் கசிந்து இறங்கியிருக்கும். சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. இது தெரியாமல் மேலே ஊற்றி, ப்ரீதர் வழியே ஆயில் கக்குகிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்டுக்குப் போகும் பைப்பின் பேஞ்சோ போல்ட்டைத் தளர்த்தினோம். ஆயில் தாராளமாகக் கசிந்தது. பக்கத்தில் நின்றவர், "ராக்கர்ல நல்லா வருதேண்ணே, பம்பு ஓகேதானே?" என்றார்.

"அது ரிட்டர்ன் பம்பு தள்றது தம்பி. மேல வர்றத வச்சு பிக் எண்டுக்குப் போகுதுன்னு சொல்ல முடியாது."

இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் எத்தனை கனெக்டிங் ராடுகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்! ஃபீட் பம்ப் தனி, ரிட்டர்ன் பம்ப் தனி. பிக் எண்டுக்குப் போக வேண்டியது டைமிங் சேம்பருக்குள் ஒழுகினாலும், அது கீழே இறங்கி, ரிட்டர்ன் பம்ப் அள்ளி, ராக்கருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜனவரி 6

டைமிங் கவரைக் கழற்றியாயிற்று. ஃபெல்ட் ஃபில்டரில் உலோகத் துகள் இல்லை, பெரிய நிம்மதி. கவர் ஓரத்தில் யாரோ பூசிய பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. அதில் ஒரு துணுக்கு உடைந்து ஆயில் துவாரத்தில் சிக்கினால் போதும், வழியே அடைபட்டுவிடும். முழுவதும் சுரண்டி எடுத்தோம்.

பம்ப் டிஸ்க்கின் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல்கள். கண்ணாடித் தகட்டில் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, எட்டு போடுவதுபோல் தேய்த்தார் அண்ணன். சாம்பல் நிறம் முகம் முழுக்க ஒரே சீராகப் பரவும்வரை விடவில்லை. இரவில் ஆயில் இறங்குவது இதனால் குறையும்.

ஆனால் அழுத்தத்தைத் தின்றது வேறு. கவரிலிருந்து ஆயில் கிராங்க் முனைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் சீல். நகத்தால் அழுத்தினேன், தடம்கூட விழவில்லை. உதடு ஒரு பக்கம் பிளந்திருந்தது. குளிர்ந்த கெட்டி ஆயிலைத் தடுத்து வைத்திருக்கும், இளகியதும் விட்டிருக்கும். விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

வொர்மைத் தொடத் தேவை வரவில்லை. அதன் நட்டுக்கு இடது மரை. தெரியாமல் வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.

ஜனவரி 8

புது சீல், புது கேஸ்கட், பசை இல்லை. ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யாமலேயே கிக்கரை மிதித்தோம். முள் அசைந்த பிறகுதான் சாவி போட்டது.

மதியம் ஊத்து வரை இறங்கி, திரும்ப அதே இரண்டாம் கியரில் ஏறினேன். பெருமாள்மலையில் முள் சற்றே இறங்கி அங்கேயே நின்றது. ஐட்லிங்கில் இன்னும் தாழ்வுதான். இந்த எஞ்சினுக்கு அது நோயல்ல. த்ராட்டிலைத் திருகினால் உடனே எழுகிறது, சீல் மாற்றும்வரை அது இல்லை. இந்த மாதக் கடைசியில் ஃபில்டரைத் திறந்து துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மன்னவனூர் பக்கம் தனியாகப் போவதில்லை.