பேய்மழையில பேய் எங்க?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே ஹாஸ்டல்ல இங்கிலீஷ் இடியம் மனப்பாடம் ஆரம்பிச்சிரும். தமிழ் மீடியத்துல படிச்ச ஜூனியர் ஒருத்தன், பேசினா சிரிப்பாங்கன்னு ஜிடி பக்கமே போகமாட்டான். "அண்ணே, 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'ல பூனையும் நாயும் எதுக்கு?"ன்னு கேட்டான்.

"மக்கா, நம்ம குலசேகரத்துல பேய்மழை பெய்யுதே, பேயைப் பாத்தியா?"

சொல் சொல்லாப் பிரிச்சா எந்த மொழியோட மரபுத்தொடரும் புரியாது. மொத்தமாத்தான் எடுக்கணும். இங்கிலீஷே கடன் வாங்கியிருக்கு: 'லூஸ் ஃபேஸ்' சீன மொழியிலிருந்து போன தொடர். இங்கிலீஷ் படிக்கிற சீன மாணவனுக்கு அது சொந்த வீட்டுச் சரக்கு. நமக்கு 'முகத்துல கரி பூசிட்டான்' இருக்கு. அதை வச்சே பிடிச்சிரலாம்.

இன்டர்வியூல இடியம் வரலையா? 'ஹெவி ரெயின்'னு சொல்லுங்க. மழை ஒண்ணும் குறைஞ்சிராது.